மைக் அணைக்காத ஜெபம்

மணிலாவில் அந்தக் காப்பீட்டு அலுவலகத்துக்கு ஒரு பெரிய கவலை. கொரோனா தொற்றெல்லாம் ஓய்ந்து எவ்வளவோ காலமாகியும் ஊழியர்கள் ஏன் இன்னும் வீட்டுக் கணினித் திரையையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள்? காரணம் கண்டுபிடிக்க மேலாளர் டிண்டோ சார் எல்லோரையும் நேரில் வரவழைத்தார். தினமும் அலுவலகமா, வீடா என்பது அன்றைக்கே முடிவாகிவிடும்.

அங்கே வேலை பார்க்கும் ஜோவெலினுக்கு வீடுதான் வேண்டும். பக்கத்து மாகாணமான கவீட்டேயிலிருந்து வந்து போவதற்குள் பாதி உயிர் பஸ்ஸிலேயே போய்விடும். கைக்குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை. தினமும் வரச் சொன்னால் வேலையை விட வேண்டியதுதான்.

"பயப்படாம காரணத்தைச் சொல்லுங்க" என்றார் சார்.

மேலதிகாரி முகத்துக்கு நேரே யார் வாயைத் திறப்பார்கள்? "ஃபைலெல்லாம் ஒரே இடத்துல கிடைக்குது சார்" என்றான் அர்னெல். அடடா, என்ன ஒரு புளுகு! பஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், நிஜக் காரணம் வீடியோ கூட்டத்தில் மைக்கை அணைக்கும் பொத்தான். அதை அமுக்கிவிட்டு சாரை வாயாரத் திட்டித்தான் எல்லோருக்கும் பிழைப்பு ஓடியது.

"சரி, ஜெபம் பண்ணிட்டு முடிவு சொல்றேன்."

தலைகள் கவிழ்ந்தன, கண்கள் மூடின.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்குத் தினமும் சந்தோஷமா ஆபீசுக்கு வர்ற மனசைத் தாரும்..." மூச்சு வாங்க நிறுத்தினார் சார்.

கண்ணை மூடியதும் ஜோவெலினுக்கு வீட்டில் இருக்கும் நினைப்பு வந்துவிட்டது. பழக்கதோஷம். விரல் இல்லாத பொத்தானைத் தேடி மேசையை ஒரு தட்டு தட்டியது, வாய் தானாகத் திறந்தது.

"ஆண்டவரே, முதல்ல இந்த ஆள எங்க ஊரு பஸ்ல தொங்க விடும். அப்புறம் பாக்கலாம் சந்தோஷத்த!"

ஜெபத்தில் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஆமென் போட்டுவிடுவது அவர்கள் வழக்கம். பழக்கமோ, மனசோ, அறை முழுக்க ஒரே குரலில் "ஆமென்!" என்றது.

கண்கள் திறந்தன.

"யாரது?"

"நான்தான் சார்" என்றாள் ஜோவெலின்.

"போச்சுக்கா" என்று முனகினான் அர்னெல்.

டிண்டோ சார் அவளைப் பார்த்தார். ஆமென் சொன்ன வாய்களையும் பார்த்தார். ஒருத்தியைத் துரத்தலாம், அத்தனை பேரையுமா துரத்துவது?

மறுநாள் உத்தரவு வந்தது. வீட்டிலிருந்தே வேலை. காரணம், ஊழியர்களின் தொழில்நுட்ப ஆர்வமாம். ஆர்வமாவது மண்ணாவது!

இப்போதெல்லாம் ஜெபத்துக்கு முன்பே எல்லோர் மைக்கையும் டிண்டோ சாரே அணைத்துவிடுகிறார். ஜோவெலின் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடுகிறாள். அவர் ஜெபிக்க ஜெபிக்க, திரையில் எல்லா வாய்களும் அசைகின்றன. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கும் தைரியம் மட்டும் அவருக்கு இன்னும் வரவில்லை.