விற்பனைக்கு வந்த கட்டில்

வரித்துறைக்காரர்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. நன்றாக இருந்த வரி எண்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்கத்தில் புது எண் போட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் போடாவிட்டால் பொருள் கடையிலிருந்து தானாகவே மறைந்துவிடும் என்று, நான் விற்கிற இணையதளத்திலிருந்து மெயில் மேல் மெயில் வந்துகொண்டிருந்தது. நான் வியாழக்கிழமை காலையில்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உட்கார எங்கே நேரம்?

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, எங்கள் வீட்டு முன்னறைதான். நோயாளிகளுக்கு வேண்டிய சாமான்களை ஆன்லைனில் விற்கிறேன். ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காற்று மெத்தை, பெரியவர்களுக்கான டயப்பர். கடைதான் சின்னது, சாமான் பட்டியல் அனுமார் வால். எல்லாவற்றையும் ஒரே எக்செல் தாளில் இறக்கி, எண்களை நிரப்பி, மொத்தமாகத் திரும்ப ஏற்ற வேண்டும். கேட்கச் சுலபமாக இருக்கும், உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

"அப்பா, இந்தக் கமோடு நாற்காலி இருக்கே, அது நாற்காலியா, கக்கூஸ் சாமானா?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"உக்காந்திருக்கிறவனைக் கேளு. அவசரம்னா கக்கூஸ், இல்லேன்னா நாற்காலி."

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். பக்கவாதம் வந்ததிலிருந்து இடது பக்கம் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. குரல் மட்டும் பின் படிக்கட்டு வரைக்கும் கேட்கிற அதே குரல். படுத்தபடியே கடையின் போனை அவர்தான் எடுப்பார். வாடிக்கையாளர்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவர்கள் அவரைத் துடைத்துவிட வேண்டியதில்லையே.

அப்படி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நினைத்தேன். களைப்பு மனுஷியை அப்படித்தான் ஆக்குகிறது.

அவர் படுத்திருந்த கட்டிலும் கடைச் சரக்குதான். கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும்புகிற ஆஸ்பத்திரிக் கட்டில். அதைக் கொண்டுவந்து போட்ட அன்று, "இதுல படுத்தா அப்புறம் என்னைத் தூக்கிட்டுத்தான் போவீங்க" என்று ஒற்றைக்காலில் நின்றார். நிற்க முடியாதவரின் அடம் பெரிய அடம். கடைசியில் நான் ஒரு தந்திரம் செய்தேன். அவர் கண் முன்னாலேயே கட்டிலைப் படம் பிடித்து, 'சில மாதங்களே பயன்படுத்தியது' என்று எழுதிக் கடையில் சேர்த்தேன். "இப்போதைக்கு 'மறை'ன்னு போட்டு வெச்சிருக்கேன்பா. நீங்க எழுந்து நடந்த அன்னிக்கு 'காட்டு'ன்னு மாத்திடுவேன். மறுநாளே கட்டில் வெளியே போயிடும்." அதற்குப் பிறகுதான் படுத்தார். அவ்வப்போது, "நம்ம கட்டில் இன்னும் அதுல இருக்கில்ல?" என்று கேட்பார். இருக்கிறது என்பேன்.

அன்று காலையில் உடற்பயிற்சி சொல்லித்தருபவர் வந்திருந்தார். அப்பாவின் காலை மடக்கி நீட்டிவிட்டு, "இனிமே வாரத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதே மனிதர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம், "இதுக்கு மேல பெரிசா ஒண்ணும் வராதும்மா. இருக்கிறது போகாம பார்த்துக்குவோம்" என்றார். அது எனக்குப் புதுச் செய்தி இல்லை. டாக்டர் போன மழைக்காலத்திலேயே சொல்லியிருந்தார்.

நான் திரும்ப வந்து எண்களில் உட்கார்ந்தேன். மண்டை காய்ந்து போயிருந்தது. ஒரே எண் வருகிற சாமான்களையெல்லாம் அடுத்தடுத்து வைத்து, முதல் வரிசையில் எண்ணைப் போட்டுக் கீழே வரை இழுத்துவிட்டேன். பக்கத்துக் கட்டமும் சேர்ந்து இழுபட்டதை நான் கவனிக்கவில்லை. அந்தக் கட்டத்தில்தான் 'காட்டு', 'மறை' என்று இருக்கும். முதல் வரிசையில் இருந்தது 'காட்டு'. கீழே 'மறை' என்று இருந்ததெல்லாம் அதோடு 'காட்டு' ஆகிவிட்டது. கோப்பை ஏற்றினேன். 'வெற்றி' என்று பச்சையில் வந்தது. அப்பாடா என்று எழுந்துபோய் உலை வைத்தேன்.

அரிசி கொதிக்கிற சத்தத்தில் போன் மணி கேட்டது. அப்பா யாருடனோ பேசினார். பிறகு குரல் வந்தது.

"பாப்பா! இங்க வா!"

எனக்கு நாற்பத்து மூன்று வயது, அவருக்கு இன்னும் பாப்பா. கையைத் துடைத்துக்கொண்டு போனேன். போனவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அப்பா வலது கையால் கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து ஓரத்துக்கு வந்திருந்தார். இரண்டு கால்களும் கீழே தொங்கின. நெற்றியெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"கள்ளி, சொல்லவே இல்ல பாத்தியா! கட்டிலை ஒரு அம்மா வாங்கிட்டாங்க. அவங்க மாமியாரை நாளைக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு அனுப்புறாங்களாம். எப்ப வரும்னு கேட்டாங்க. நாளைக்கே வந்துடும்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

எங்கே தப்பு நடந்தது என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

"காலையில அந்தப் பையன் வாசல்ல உன்கிட்ட குசுகுசுன்னு பேசினப்பவே நினைச்சேன். சரி, என் செருப்பை எடு. முதல்ல உக்காந்து பழகறேன்."

"அப்பா..."

"செருப்பை எடுடி."

செருப்பு இருந்தால்தானே எடுப்பதற்கு? கட்டிலுக்கடியில் டயப்பர் பெட்டி வைக்க இடம் வேண்டியிருந்தது. பழைய பேப்பர்க்காரர் வந்த ஒரு நாள், செய்தித்தாள்களோடு சேர்த்து, அங்கே கிடந்த அவர் செருப்பையும் போட்டுவிட்டேன். போடும்போது ஒன்றும் தோன்றவில்லை. நான் அசையாமல் நின்றேன். அப்பா குனிந்து பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தூக்கிப் போட்டுட்டியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"எப்போ?"

"போன மழைக்கு."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை, அதற்குத்தான் எங்கே போவதென்று தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் கொட்டினேன். வரி எண், இழுத்தது, பக்கத்துக் கட்டம், டாக்டர் சொன்னது, காலையில் வந்தவர் சொன்னது. சொல்லச் சொல்ல என் குரல் ஏறிக்கொண்டே போனது, அவர்தான் ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி.

"காலைத் தூக்கி வை" என்றார் கடைசியில். "வலிக்குது."

இரண்டு கால்களையும் தூக்கி மேலே வைத்தேன். தலையணையைச் சரிசெய்தேன். அடுப்பில் உலை பொங்கி வழிகிற வாசனை வந்தது. வழியட்டும் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தம்மாவுக்கு என்ன சொல்லப் போற?"

"தப்பா வந்துடுச்சுன்னு சொல்லிக் கேன்சல் பண்ணிடறேன்."

"கேன்சல் பண்ணாத. வீட்டுக்கு வர்ற கிழவி எங்க படுப்பா? முன்னறையில ஒரு புதுசு பிரிக்காம நிக்குதில்ல? அதை அனுப்பு."

"இந்த விலைக்கா? கட்டுப்படியாகாதுப்பா."

"நான் வாக்குக் கொடுத்தாச்சு."

சரி என்றேன். வாதாடத் தெம்பில்லை. மடிக்கணினியை அங்கேயே எடுத்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மறைக்க வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப மறைத்தேன். எங்கள் கட்டில் கடைசியில் வந்தது.

"இதை அழிச்சிடட்டுமா?" என்றேன். இனி எதற்கு இந்த நாடகம் என்றுதான் கேட்டேன்.

அப்பா திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பினார்.

"அழிக்காத."

"அப்ப மறைச்சு வைக்கவா?"

"மறைக்கவும் வேணாம். மறைச்சு மறைச்சு என்ன கண்டோம்? அது பாட்டுக்கு இருக்கட்டும். விலையை மட்டும் ஏத்தி வை. எவனும் வாங்க முடியாதபடி."

"எவ்வளவு போடறது?"

"ஒரு பஸ்ஸோட விலையைப் போடு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்கிற முகம் இல்லை, அழுகிற முகமும் இல்லை. பஸ் என்ன விலை என்று அவரே சொன்னார், நான் அடித்தேன். வரி எண் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன். அதற்கப்புறம் அடுப்படிக்குப் போய், வழிந்த கஞ்சியைத் துடைத்துக்கொண்டே அழுதேன். அவருக்காகவா எனக்காகவா என்று சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் புதுக் கட்டிலை வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு உள்ளே வந்தபோது போன் மணி அடித்தது. அப்பா எடுத்தார். நான் கூடத்திலேயே நின்றேன்.

"ஆமா சார், பார்த்தீங்களா... இல்ல சார், பூஜ்யம் கூடுதலா விழல, விலையே அதான்... கட்டில்ல தங்கமெல்லாம் ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பழைய கண்டக்டர் குரலில், நிதானமாகச் சொன்னார்.

"குறைக்க முடியாது சார். அதுல ஆள் இருக்கு."