இடது பின் சக்கரம்

அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சுகுணா முதலில் சொல்லத்தான் செய்தாள். ஆனால் காவேரிப்பட்டணத்தில் நாத்தனார் ரங்கம்மாவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். வாசலில் ஏழு பேர் உட்காரும் கார் நிற்கும்போது, பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமாக, எட்டு வயது மகள் சுவாதியையும் இழுத்துக்கொண்டு பஸ் மாறிப் போனால் கணவன் வீட்டுச் சொந்தங்கள் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஷிஃப்ட் முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஓசூருக்குத் திரும்பிய வேனின் பின் டயர் ஓடும்போதே வெடித்தது. வேன் நடுச்சுவரில் ஏறிக் கவிழ்ந்தது. சுகுணாவின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த, கூட வேலை பார்த்த காவியா பிறகு கண் விழிக்கவே இல்லை. சுகுணாவுக்குக் கை எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுச் சரியானது. அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை. காரிலோ வேனிலோ ஏறவும் இல்லை. தெருவில் யாராவது ஷட்டரைப் படாரென்று இழுத்தால் போதும், தரையில் உட்கார்ந்துவிடுவாள்.

கணவன் சுரேந்தர்தான் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனான். டாக்டரம்மா நல்லவர். "சத்தம் கேக்கற மாதிரி இருக்கும். அது பழைய சத்தம்மா, உங்க ஞாபகத்துல இருந்து வர்றது. அதுக்குப் பணிஞ்சு எறங்கிட்டீங்கன்னா அடுத்த தடவை இன்னும் பெருசா வரும். மூச்சை மெதுவா விட்டுட்டு உக்காந்திருங்க, தானா போயிடும்" என்றார். சுரேந்தருக்கு இது மந்திரம் மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

கார் போன மாதம் வாங்கியது. பழைய வண்டிதான், ஆனால் பார்த்துப் பார்த்து வாங்கினான். டயரின் மேல்வரிக் கட்டைகள், அந்தப் பட்டன், முக்கால்வாசி தேயாமல் இருக்கிறது என்று விற்றவர் சொன்னதை அவளிடம் பலமுறை சொன்னான். கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்ரோல் பங்கில் நாலு டயருக்கும் காற்றுப் பிடித்து, அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே டயர்களுக்குக் கறுப்பு பாலீஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கினான்.

"உனக்காகத்தான் சுகுணா. ஒரு தடவ வந்துட்டா அப்புறம் பயமே இருக்காது பாரு."

சித்திரை வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. சுகுணா நடு வரிசையில் உட்கார்ந்தாள். கடைசி வரிசைதான் வேண்டும் என்று சுவாதி அடம்பிடித்தாள். அங்கே அவளுக்கென்று தனியாக ஒரு ஏசித் துவாரம் இருந்தது. சுரேந்தர் பின்னால் திரும்பி, சுகுணாவின் தலைக்கு மேலே கூரையில் இருந்த பட்டன்களைக் காட்டினான்.

"பின்னாடி ஒக்காந்திருக்கறவங்களுக்குத் தனி ஏசி இது. இத அமுக்கினா காத்து கூடும், இது கொறையும். இது குளுருக்கு. உங்களுக்குப் புரியலன்னா விட்டுடுங்க, முன்னாடி ரியர்னு ஒரு பட்டன் இருக்குது, நானே இங்கிருந்து வெச்சிக்கறன்."

வண்டி ஓசூரைத் தாண்டியது. விபத்து நடந்த இடம் வரும்போது சுகுணா கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சை இழுத்தாள், விட்டாள். கண்ணைத் திறந்தபோது சூளகிரி மேம்பாலம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் சுவாதி மாம்பழத் தட்டின் மேல் சுற்றியிருந்த கண்ணாடிக் காகிதத்தைச் சுரண்டிக்கொண்டே தூங்கிப்போயிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்டது.

தப், தப், தப் என்று, துணி மூட்டையால் யாரோ அடியிலிருந்து தட்டுவதுபோல. கூரையிலிருந்து ஏசிக் காற்று இரைந்துகொண்டிருந்ததால் தெளிவாகக் கேட்கவில்லை. காதால் கேட்டதைவிட அவள் அதை இருக்கையில் உணர்ந்தாள். இடது பக்கம், பின்னால். சுவாதி தலை வைத்திருந்த பக்கம்.

பழைய சத்தம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூச்சை விட்டாள். சத்தம் போகவில்லை.

கையைத் தூக்கிக் கூரைப் பட்டனை அமுக்கினாள். ஒன்று, இன்னொன்று. காற்று குறைந்து, நின்றது. காருக்குள் திடீரென்று அமைதி வந்தது. அந்த அமைதியில் தப், தப், தப் நன்றாகவே கேட்டது.

"ஏங்க, பின்னாடி ஏதோ சத்தம் வருது."

சுரேந்தர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. முகம் வெளுத்திருந்தது. அவனுக்குத் தெரிந்த முகம்தான் அது.

"ஒண்ணும் இல்ல சுகுணா. ரோடு அப்படி. ஏசிய ஏன் நிறுத்துன? எப்படி வேர்க்குது பாரு. பாப்பா பாவம்." முன்னாலிருந்து பட்டனை அமுக்கினான். காற்று மறுபடியும் இரைந்தது.

அவள் நிறுத்தினாள். அவன் போட்டான். அவள் மறுபடியும் கூரையைத் தொட்டபோது பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை. அவன் முன்னாலிருந்தே பூட்டிவிட்டிருந்தான்.

"மூச்சை விடு. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? பத்து நிமிசம். மேலுமலை எறங்கிட்டா கிருஷ்ணகிரி வந்தாச்சு." கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. இனி அவள் என்ன சொன்னாலும் அவன் இப்படித்தான் கேட்பான்.

குளிர்ந்த காற்று வேர்வையில் பட்டு உடம்பு நடுங்கியது. பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி கார் முழுவதையும் நிழலாக்கிக்கொண்டு கடந்தது. சுகுணா தன் பெல்ட்டைக் கழற்றி, பின்பக்கம் எட்டி, தூங்கிய குழந்தையின் பெல்ட்டையும் விடுவித்து, கையைப் பிடித்து இழுத்து நடு வரிசைக்குக் கொண்டுவந்தாள். சுவாதி முனகினாள். வலது பக்க ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டு, தானும் மாட்டிக்கொண்டு, உள்ளங்கையை இருக்கையின் இடது ஓரத்தில் அழுத்தி வைத்தாள்.

தப், தப், தப்.

ஒருவேளை இது தன் நெஞ்சுதானோ என்று சந்தேகம் வந்தது. நெஞ்சும் அதே வேகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது. விரல் நுனியில்கூட நாடி துடித்தது. எது தன் உடம்பு, எது கார் என்று பிரிக்க முடியவில்லை. தனக்குப் பைத்தியம்தான் பிடித்துவிட்டதோ என்ற நினைப்பு அப்போது வந்தது. டயர் வெடிக்கும் என்ற பயத்தைவிட அது பெரிதாக இருந்தது.

முன்னால் ஒரு டிராக்டர் குறுக்கே வந்தது. சுரேந்தர் பிரேக்கை மிதித்தான். கார் வேகம் குறைந்தது. அவள் கைக்கடியில் அந்தத் தட்டலும் குறைந்தது. தப்... தப்... டிராக்டரைத் தாண்டி அவன் வேகம் எடுத்ததும் அதுவும் வேகம் எடுத்தது. அவள் நெஞ்சு மட்டும் குறையவே இல்லை.

ஞாபகத்தில் கேட்கிற சத்தம் பிரேக் போட்டால் மெதுவாகாது.

சாலை சரிவில் இறங்கத் தொடங்கியது. இருபுறமும் பாறை. ஓரமாக நிறுத்த இடம் இல்லை. நிறுத்தச் சொன்னாலும் அவன் நிறுத்தமாட்டான். பணிந்து இறங்கக் கூடாது என்பதுதானே மந்திரம். சுகுணா கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் பெரிதாகப் பொய் சொன்னதில்லை.

"ஏங்க, பாப்பா வாந்தி எடுக்கப் போவுது. எங்கியாவது ஓரமா நிறுத்துங்க. சீக்கிரம்."

"அய்யோ, சீட்டுல எடுத்துடப் போவுது. பையப் புடி. சரிவு முடியட்டும்."

"மெதுவா போங்க. வேகமா போனா கொமட்டுது அவளுக்கு."

அதை மட்டும் அவன் கேட்டுக்கொண்டான். வேகத்தைக் குறைத்து இடது ஓரமாகவே இறங்கினான். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒட்டி வந்தது. அந்தச் சரிவு முழுக்க சுகுணா மகளின் இடுப்பைக் கையால் வளைத்துப் பிடித்தபடி, வெடித்தால் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தப் பக்கம் கவிழும் என்பதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாள். குருபரப்பள்ளி வந்ததும் ஒரு டீக்கடைக்கு முன்னால் இருந்த மண்தரையில் சுரேந்தர் வண்டியை ஒதுக்கினான்.

சுவாதி தூக்கக் கலக்கத்தோடு இறங்கி, "ஊரு வந்துடுச்சா?" என்றாள். அவள் வாந்தி எடுக்கவில்லை என்று புரிய சுரேந்தருக்கு ஒரு நொடிதான் ஆனது.

சுகுணா அதற்குள் பின் சக்கரத்துக்கு முன்னால் நின்றிருந்தாள்.

டயர் நன்றாக இருந்தது. கறுப்பாக, பளபளப்பாக, காற்று நிறைந்து, பட்டன் எல்லாம் வரிசையாக. எங்கும் ஆணி இல்லை, கிழிசல் இல்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பட்டுப்புடவை கட்டிய பெண் சக்கரத்தை முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார்கள்.

"பாத்துட்டியா?" சுரேந்தர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான். "பொய் சொல்லி எறக்கற அளவுக்கு வந்துட்ட. வா, ஏறு. இன்னும் கொஞ்ச தூரம்தான்."

அவளுக்கு அவமானத்தில் காது எரிந்தது. ஏறிவிடலாம் என்றுதான் திரும்பினாள். கதவுப் பிடியில் கை வைத்தாள். உள்ளே கால் வைக்க முடியவில்லை. அப்படியே திரும்பி வந்து, மண்ணில் முழங்கால் போட்டு, சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவே கையை விட்டாள்.

டயர் சுட்டது. வழவழவென்று உட்பக்கம் வளைந்து போனது. விரல் நகர்ந்தது. ஓர் இடத்தில் வளைவு நின்று, எண்ணெயில் விழுந்த பூரிபோல ரப்பர் உப்பிக்கொண்டு வெளியே வந்திருந்தது.

"உங்க கையக் குடுங்க" என்றாள்.

சுரேந்தர் குனிந்து, அவள் காட்டிய இடத்தில் தொட்டான். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான். எழுந்து நின்றான். பிறகு மகளைத் தேடினான். சுவாதி காரை ஒட்டியே நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனான்.

கொஞ்சம் தள்ளி ஒரு டயர் கடை இருந்தது. கடைக்காரர் தீர்த்தகிரி நடந்தே வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முதல் வேலையாக இவர்களைத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு, வால்வைத் திறந்து காற்றை இறக்கினார். சீறிக்கொண்டு வந்த அந்தச் சத்தத்துக்கு சுகுணா காதைப் பொத்திக்கொண்டாள்.

"தொட்டுப் பாத்தீங்களா சார்? தொட்டிருக்கக் கூடாது. கை போயிருக்கும்." சக்கரத்தைக் கழற்றிப் படுக்கப்போட்டு உட்பக்கத்தைக் காட்டினார். "எங்கியோ குழியில அடி வாங்கி உள்ள நூல் அறுந்துடுச்சு. மேல ரப்பர் மட்டும்தான் புடிச்சிட்டு இருக்குது. பட்டன் இருந்தா ஆச்சா, டயர் ரொம்பப் பழசு சார். இந்த வெயில்ல, இந்த ஸ்பீடுல, டோல்கேட் வரைக்கும் போயிருக்குமான்னு கேட்டா என்னால சொல்ல முடியாது."

"நேத்துதான் நாலு டயரையும் பாத்தன்" என்றான் சுரேந்தர். குரல் அவனுடையது மாதிரி இல்லை. "துடைச்சன். பாலீஷ் போட்டன்."

"வெளிப்பக்கம் பாத்திருப்பீங்க."

ஸ்டெப்னியை எடுத்தார்கள். அதன் பக்கவாட்டிலும் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்புகள் ஓடின. அந்த அளவு டயர் தன்னிடம் இல்லை, கிருஷ்ணகிரியிலிருந்து வரவழைக்கச் சாயங்காலம் ஆகும் என்றார் தீர்த்தகிரி. யாருக்கோ போன் போட்டுத் தெலுங்கில் பேச ஆரம்பித்தார்.

சுரேந்தர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். டீ வாங்கினான், குடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டு, "பாப்பா கடைசி சீட்டுல இருந்தா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னான்.

தான் சொன்னது சரி என்று ஆனதில் ஒரு நிம்மதியாவது வரும் என்று சுகுணா எதிர்பார்த்தாள். வரவில்லை. இத்தனை நாள் எல்லாரும் அது வெறும் ஞாபகம் என்று சொன்னார்கள். அதை நம்பித்தான் ராத்திரிகளில் அவள் தூங்கினாள். இனி ஒவ்வொரு சத்தத்தையும் எப்படி ஒதுக்குவது?

"நாங்க பஸ்ல போறோங்க. நீங்க டயர் மாத்திட்டு வாங்க" என்றாள்.

"நானும் பஸ்லதான் வரன்" என்றான் அவன். சாவியைத் தீர்த்தகிரியிடம் கொடுத்துவிட்டுச் சீர்த்தட்டுகளை இறக்கினான்.

கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுங்க, ஏறுங்க. டைம் ஆவுது" என்றார். சுகுணா படிக்குப் போகவில்லை. பின் சக்கரத்தருகே போய் நின்றாள். ஒன்றை ஒன்று ஒட்டி இரண்டு டயர்கள், நடுவில் ஒரு விரல் நுழையும் இருட்டு.

சுரேந்தர் தட்டுகளை அவளிடம் கொடுத்தான். அவளை இழுத்துக்கொண்டு போகப்போகிறான் என்று நினைத்தாள். அவன் சக்கரத்தருகே மண்டியிட்டு, தலையைச் சாய்த்து, அந்த இடுக்கைப் பார்த்தான். பிறகு வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். கண்டக்டர் விசில் ஊதினார். அவன் எழுந்திருக்கவில்லை.

"உள்பக்கம் தெரியல சுகுணா."

"தெரியாதுங்க. எந்திரிங்க."

உள்ளே நிற்கத்தான் இடம் இருந்தது. மகளை நடுவில் நிறுத்திக்கொண்டு இருவரும் கம்பியைப் பிடித்தார்கள். பஸ் குலுங்கி நகர்ந்தபோது, கூட்டத்துக்கு நடுவே அவன் கை அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. அந்தக் கை ஈரமாக இருந்தது. கிருஷ்ணகிரி வரும்வரை அவன் விடவில்லை.