எட்டு நாள் பெயிண்ட்

நாராயணப்பன் வீட்டுக் கூடத்தில் மோட்டார் சைக்கிள் கொசுவலைக்குள் நின்றுகொண்டிருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்த கௌஸ் மொய்தீன், அதைப் பார்த்ததும் வலையைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தான். வலையின் நாலு மூலையையும் உத்தரத்தில் கட்டி, அடி விளிம்பை வண்டிக்குக் கீழே விரித்திருந்த கோரைப் பாய்க்குள் செருகிவிட்டிருந்தார்கள். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இரண்டு இருந்தன. இரண்டின் கை காலிலும் கொசுக்கடி தடித்துக் கிடந்தது. இருந்த ஒரே வலை வண்டிக்குப் போய்விட்டது.

"தூசு ஆகாதுன்னு நீதான பாய் சொன்னே? அதான் வலைய கட்டிட்டேன். எப்படி?" என்றார் நாராயணப்பன். பாகலூரில் பாதி நிலம் அவருடையது. ஓசூர் ரோட்டுக்குக் கப்பிக்கல் போடுகிற காண்ட்ராக்டும் அவருடையது. அப்பேர்ப்பட்ட பெரிய மனிதர் மண்டி போட்டு வலையைத் தூக்கினார். தன் மூச்சுக்காற்று டேங்கின்மேல் பட்டுவிடக் கூடாதென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மொய்தீனுக்குச் சிரிப்பு ஒரு பக்கம் வந்தது, அருவருப்பு ஒரு பக்கம் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு குனிந்து பெயிண்டைப் பார்த்தான்.

பெயிண்ட் அவன் அடித்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. எஞ்சினும் பிரிப்பான், பெயிண்டும் அடிப்பான். எஞ்சின் வேலையைப் பற்றி யாராவது குறை சொன்னால் கேட்டுக்கொள்வான். பெயிண்டைப் பற்றி வாயைத் திறந்தால் சண்டைக்கு வருவான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்குத் தலைக்கனம் உண்டு.

மொழிவாரி மாநிலம் பிரிந்த மறுவருஷம், பெங்களூரில் ராணுவத்தார் விட்ட ஏலத்தில் நாராயணப்பன் இந்த வண்டியை எடுத்தார். எடுத்த பதினைந்தாம் நாளே மொய்தீனின் ஷெட்டுக்கு வந்து அழாத குறையாக நின்றார். முன் ஃபோர்க்கு, டேங்கு, எஞ்சினின் வயிறு என்று எங்கே பார்த்தாலும் கல்லடி. பெயிண்ட் பொரிப் பொரியாகப் பெயர்ந்திருந்தது. ஹெட்லைட் கண்ணாடியில் விரிசல்.

கல்லடி படாமல் என்ன செய்யும்? அது அவர் போட்ட ரோடு. கப்பியைக் கொட்டினால் அதன்மேல் செம்மண் பரப்பித் தண்ணீர் ஊற்றி ரோலர் விட்டு அமுக்க வேண்டும். நாராயணப்பன் கொட்டியதோடு சரி. ரோலர் கிருஷ்ணகிரியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ரோட்டில் நடந்து எத்தனையோ மாடுகள் குளம்பு பிளந்து நொண்டின. சந்தைக்குப் போகிற பெண்கள் காலில் துணி சுற்றிக்கொண்டு நடந்தார்கள். அதற்கெல்லாம் அசையாத ஆள், தன் டேங்கில் பொட்டளவு பெயிண்ட் போனதும் பதறிக்கொண்டு ஓடி வந்தார். அன்றைக்கே மொய்தீனுக்கு அவர் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை என்று வந்த பிறகு முகத்தைப் பார்த்தா செய்ய முடியும்?

முன் மட்கார்டின் அடியில் பழைய டயரை வெட்டி ஒரு ரப்பர் மடல் தொங்கவிட்டான். ஹெட்லைட்டுக்குக் கம்பிவலை மாட்டினான். எஞ்சினுக்குக் கீழே தகரத்தை வளைத்து ஒரு தடுப்பு வைத்தான். வண்டிக்கு அது போதும். நாராயணப்பனுக்குப் போதவில்லை. பெங்களூரில் ஒரு தோல் தைக்கிறவனைப் பிடித்து டேங்குக்கு ஒரு தோல் சட்டையே தைத்து மாட்டிவிட்டார். "உள்ள மண்ணு பூந்துக்கும்ங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி ஆயிடும்," என்று மொய்தீன் சொன்னான். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டு மாதம் கழித்துச் சட்டையைக் கழற்றினால் டேங்கில் பாதிக்குமேல் வெறும் தகரம் பல்லிளித்தது.

அதற்கப்புறம்தான் இந்தப் பெயிண்ட். பழையதைச் சுரண்டி, பள்ளம் மூடப் பட்டி வைத்து, தண்ணீர் விட்டுத் தேய்த்து, மறுபடி பட்டி வைத்து, கருஞ்சிவப்பில் மூன்று கை அடித்து, மேலே வார்னிஷும் கொடுத்தான் மொய்தீன். குனிந்து பார்த்தால் மீசையைத் திருத்திக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. வண்டியைக் கொடுக்கும்போது விரலை நீட்டிச் சொன்னான்: "எட்டு நாளைக்கு வெளிய எடுக்கப்படாது. தூசு ஆகாது, வெயிலு ஆகாது, கை வைக்கப்படாது." உண்மையில் மூன்றாம் நாளே அது கெட்டிப்பட்டுவிடும். ஆனால் ஊரே கைகட்டி நிற்கிற மனிதர், தான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டியது அவனுக்கு ருசியாக இருந்தது. மூன்றை எட்டாக்கினான்.

இன்று ஐந்தாம் நாள். பெயிண்ட் எப்படிக் காய்ந்திருக்கிறது என்று வந்து பார்க்கச் சொல்லி நாராயணப்பன் ஆள் அனுப்பியிருந்தார். காலை பஸ்ஸில் மொய்தீன் வந்தபோது ரோட்டில் ஒரு விநோதத்தைப் பார்த்தான். நாகம்மாவும் காவேரியும் தென்னந்துடைப்பம் வைத்து ரோட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ரோடு வேலைக்கு வருகிற கூலிப் பெண்கள்; கல் உடைக்க வேண்டியவர்கள். ஒரு ஓரமாக, ஒரு முழ அகலத்துக்கு, கல்லையெல்லாம் ஒதுக்கி நடு ரோட்டில் தள்ளிக்கொண்டே போனார்கள்.

அதைப் பற்றி இப்போது கேட்டான்.

"தேருக்கு ஓசூருக்கு வண்டியிலதான் போகப்போறேன்," என்றார் நாராயணப்பன். "மூணாவது மைல்கல்லு வரைக்கும் பெருக்கச் சொல்லியிருக்கறேன். அதுக்கு மேல தாரு ரோடு. அந்த ஒத்தத் தடத்துலயே போனா ஒரு கல்லு மேல படாது. மூளை வேணும் பாய் எதுக்கும்."

"அந்தக் கல்லு பூரா நடு ரோட்டுல கெடக்குதுங்களே. பஸ்ஸு, லாரி எல்லாம் அதும்மேலதான போகணும்?"

"போகட்டும். அவங்க டயரு தேஞ்சா எனக்கு இன்னா?"

இந்த ஆளிடம் பேசுகிற வாயைக் கழுவ வேண்டும் என்று நினைத்துக்கொண்டு மொய்தீன், டேங்குக்குப் பூசக் கொண்டுவந்த மெழுகு டப்பாவைத் தன் தோள்பையில் தேடினான்.

அப்போது வெளியே ஒரு லாரி வேகமாகப் போகிற சத்தம் கேட்டது. மாலூர் ஓட்டுச் சூளைக்குப் போகிற காலி லாரி. குவிந்து கிடந்த கல்லின்மேல் சக்கரம் ஏறிக் கல் தெறிக்கிற சத்தம் படபடவென்று கேட்டது. அதோடு ஒரு பெண்ணின் அலறல். லாரிக்காரனுக்கு அது கேட்டிருக்காது. வண்டி நிற்காமல் போய்விட்டது.

சற்று நேரத்தில் காவேரி, நாகம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நாகம்மா இடது கண்ணைக் கையால் பொத்தியிருந்தாள். விரல் இடுக்கு வழியாக ரத்தம் இறங்கி முழங்கையில் சொட்டியது. முந்தானையெல்லாம் செம்மண்.

"எசமான், கல்லு எகிறி கண்ணுல அடிச்சிருச்சு எசமான்! எதுனா பண்ணுங்க!" என்று கத்தினாள் காவேரி.

நாராயணப்பன் சட்டென்று எழுந்தார். எழுந்தவர் வாசலுக்கு ஓடவில்லை. தூக்கியிருந்த கொசுவலையைக் கீழே இழுத்துப் பாய்க்குள் செருகினார். "அங்கியே நில்லுங்க! உள்ள வராதீங்க, மேலெல்லாம் ஒரே புழுதி!" என்றார்.

மொய்தீன் வெளியே ஓடி, நாகம்மாவைப் படியில் உட்கார வைத்து, பொத்திய கையை மெல்ல விலக்கினான். இமை கிழிந்து வீங்கியிருந்தது. விரலால் இமையைக் கொஞ்சம் பிரித்து, "எதுனா தெரியுதாம்மா?" என்று கேட்டான்.

"செவப்பா... வெளிச்சமாட்டம் தெரியுது பாய்."

வெளிச்சம் தெரிகிறது. அப்படியென்றால் கண் இன்னும் போய்விடவில்லை. மொய்தீனுக்கு இது புதிதல்ல. அவன் தொழில் கற்ற ஷெட்டில் ஒருவனுக்கு இரும்புத்தூள் கண்ணில் ஏறியது. சாயங்காலம் போகலாம், சாயங்காலம் போகலாம் என்று அவன் இருந்தான். சாயங்காலம் டாக்டர் கையை விரித்துவிட்டார். காலையிலேயே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

"ஐயா, உடனே ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். வண்டிய எடுங்க. அரை மணியில போயிடலாம்."

"எந்த வண்டிய?" என்றார் நாராயணப்பன். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"இதத்தான். பஸ்ஸு இனி சாயங்காலம்தான். மாட்டு வண்டில போனா இந்த ரோட்டுல மூணு மணி நேரம் ஆகும். கண்ணு தாங்காது."

நாராயணப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீதான பாய் சொன்னே, எட்டு நாளைக்கு எடுக்கப்படாதுன்னு? இன்னைக்கு அஞ்சுதான ஆவுது? மஞ்சள வெச்சுக் கட்டச் சொல்லு. சாயங்கால பஸ்ஸுல நானே ஏத்தி வுடறேன்."

தன் வாயிலிருந்து வந்த பேச்சு அந்த ஆளின் வாயில் ஏறி உட்கார்ந்துகொண்டு தன்னையே பார்த்துச் சிரிப்பதாக மொய்தீனுக்குத் தோன்றியது. ஒரு நாள் பெருமைக்காக அடித்த டம்பம், இப்போது ஒருத்தியின் கண்ணை அடைத்துக்கொண்டு நிற்கிறது. நாராயணப்பன்மேல் இருந்த அருவருப்பில் பாதி தன்மேலேயே திரும்பியது.

"நான் பொய் சொன்னேங்க," என்றான். "பெருமைக்குச் சொன்னது. மூணு நாள்லயே காஞ்சிடுச்சு. தொட்டுப் பாருங்க, கல்லாட்டம் இருக்குது. எடுக்கலாங்க."

நாராயணப்பன் வலை வழியாகவே டேங்கை ஒரு தடவை பார்த்தார். யோசித்தார். "சரி, காஞ்சிடுச்சுன்னே வெச்சுக்க. கல்லு? இவளுங்க இன்னும் ஒரு பர்லாங்குகூடப் பெருக்கி முடிக்கல. மிச்ச ரோடு பூரா கல்லு கெடக்குது. அதுல கொண்டுபோயி வண்டிய நாசம் பண்ணச் சொல்றியா?"

அவர் குரலில் கோபமில்லை, நியாயம் கேட்கிற தொனி இருந்தது. வேலையைப் பாதியில் விட்டது நாகம்மாவின் தப்பு என்பதுபோல அவளையே பார்த்துச் சொன்னார். நாகம்மாவும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மொய்தீன் படியிறங்கினான். ரோட்டோரம் கிடந்ததில் கூரான ஒரு கப்பிக்கல்லை எடுத்தான். உள்ளே வந்தான். வலையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். உத்தரத்துக் கயிறு இரண்டு அறுந்து வலை தரையில் விழுந்தது. டேங்கின் முன்முனையில் கல்லை ஊன்றி, பின்முனை வரைக்கும் அழுத்தி ஒரு கோடு இழுத்தான். தகரத்தில் கல் தேய்கிற சத்தத்தில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. திருப்பி இன்னொரு கோடு. வார்னிஷ், கருஞ்சிவப்பு, பட்டி எல்லாம் சுருள் சுருளாக உரிந்து பாயில் விழுந்தன. இருபது நாள் உழைப்பு. அவன் வாழ்நாளில் அதைவிட நன்றாக ஒரு பெயிண்ட் அடித்ததில்லை, இனி அடிக்கப்போவதும் இல்லை.

"இப்ப இன்னா இருக்குது இதுல காபந்து பண்ண?" என்றான். "எடுத்துக்கிட்டுப் போகட்டுமா?"

நாராயணப்பன் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார். வாய் கோணியது. கோடு விழுந்த இடத்தை விரலால் தடவினார். அப்புறம் அழுதார், வளர்ந்த மனிதர், மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதார். வாசலில் ரத்தம் சொட்டச் சொட்ட ஒருத்தி உட்கார்ந்திருந்தபோது வராத கண்ணீர் அது. மொய்தீன் அதற்குமேல் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து உதைத்துக் கிளப்பினான். யாரும் தடுக்கவில்லை.

காவேரி, நாகம்மாவைப் பின்னால் ஏற்றி உட்கார வைத்து, கண்ணுக்குத் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். "பத்தரமா கூட்டினு போ பாய்," என்றாள்.

பெருக்கிய தடம் முக்கால் பர்லாங்கில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கல்தான். ஃபோர்க்கில், மட்கார்டில், தகரத் தடுப்பில் டங்கு டங்கென்று அடித்தது. அடிக்கட்டும். மொய்தீன் கல்லைப் பார்த்து ஓட்டவில்லை. வண்டி கவிழாமல் இருந்தால் போதும் என்று மட்டும் பார்த்தான். 

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பாரம் ஒரு பக்கமாக இழுத்தது. திரும்பிப் பார்த்தான். நாகம்மா ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, உடம்பை வெளிப்பக்கம் சாய்த்து, மற்றக் கையைக் குழித்துத் தாடைக்கு அடியில் ஏந்திக்கொண்டிருந்தாள். கட்டுத்துணியையும் மீறி வழிந்த ரத்தம் அந்தக் கையில் தேங்கியிருந்தது.

"நேரா ஒக்காரும்மா! வுழுந்துடப்போற!"

"ரத்தம் ஒழுகுது பாய். பெயிண்ட்டுல பட்டுட்டா எசமான் வைவாரு."

மொய்தீன் வண்டியை மெதுவாக்கினான். ரத்தம் தேங்கிய அந்தக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து டேங்கின்மேல் வைத்து, "இதுலயே தொடச்சிக்கோ," என்றான்.

நாகம்மா கையை வெடுக்கென்று இழுத்து, தன் சேலையில் துடைத்துக்கொண்டாள்.