தெம்பனிஸ் சரிவில் தண்ணீர் நின்றது

1

இந்தக் கதை எனக்குத் தேக்கா மார்க்கெட்டின் பின்பக்கம் கிடைத்தது. ஒரு பெண் அழுகிய முட்டைக்கோஸ் இலைகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டுக்கா?" என்றேன்.

"மண்ணுக்குலா!" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2

'வானம் பொய்த்தது. பூமி...'

இல்லை, அடித்துவிட்டேன். சிங்கப்பூர் வானம் அப்படியெல்லாம் பொய்க்காது.

அவள் பெயர் பிரிஜட். இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கடைசி. தெம்பனிஸில் மணல் தோண்டி முடித்த குழிகளுக்குப் பக்கத்தில், இறுகிப்போன ஒரு சரிவில் வெண்டை போட்டிருந்தாள். மழைக்கோ கிறுக்குப் பிடித்திருந்தது. வந்தால் ஒரேயடியாகக் கொட்டி, கன்றுகளோடு மேல்மண்ணையும் வாரிக்கொண்டு போகும். போனால் வாரக்கணக்கில் எட்டிப் பார்க்காது. இரண்டு முறை எல்லாம் போயிற்று.

லாரி ஓட்டும் கணவன் இயேசுதாசன் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவை போச்சுன்னா நிலத்தை விட்டுடுவோம். நீ ஃபேக்டரிக்குப் போயிடு."

3

பிரிஜட் சரிவுக்குக் குறுக்கே குழிவாய்க்கால்கள் வெட்டினாள். அழுகல் இலையையும் கோழி எருவையும் அவற்றில் கொட்டினாள். பாத்திகள்மேல் லாலான்* அறுத்துப் போர்த்தினாள்.

பக்கத்து நிலத்து ரவூப் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தான். "அக்கா, நாத்தம் தாங்கல. ஈயெல்லாம் என் வீட்டுக்குத்தான் வருது."

"மக்கிட்டா போயிடும் தம்பி. கொஞ்சம் பொறு."

(ரவூப்பை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. மாலையே ஒரு கட்டுப் புல்லோடு வந்து, "இதையும் மேல மூடுங்க, ஈயாவது குறையும்" என்று போட்டுவிட்டுப் போனான்.)

* வெட்ட வெட்ட வளரும் புல், கையை அறுக்கும். முதல் வரைவில் 'பசும்புல்' என்று எழுதியிருந்தேன். பிரிஜட் விழுந்து விழுந்து சிரித்தாள்.

4

டிசம்பரில் வந்தது பாருங்கள் மழை! ரவூப்பின் சரிவில் தண்ணீர் தேநீர் நிறத்தில் பாய்ந்தது. பிரிஜட் நனைந்தபடி தன் வாய்க்காலையே பார்த்து நின்றாள். நிரம்பியது. தண்ணீர் தயங்கியது. பிறகு மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. ஒரு கன்றுகூடச் சாயவில்லை.

"ஏங்க, ஓடி வாங்க! தண்ணி நிக்குது!"

அப்புறம் வாரக்கணக்கில் வெயில். வெண்டை வாடவே இல்லை. இயேசுதாசன் புல்லை விலக்கி மண்ணைப் பிடித்துப் பார்த்தான். ஈரமாக, கொழுக்கட்டைபோல உருண்டு நின்றது.

"நாளைக்கு லாரியில இன்னும் நாலு சாக்கு ஏத்திட்டு வர்றேன்" என்றான்.

5

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அறுவடைக்கு முன்பே பேச்சு அடிபட்டது: அங்கே அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றனவாம். கண்ணீரோடு ஒரு முடிவு எழுதினேன். கிழித்தேன். ஏனென்றால் அன்று காலை ரவூப் தோளில் மண்வெட்டியோடு வந்து நின்றான்.

"அக்கா, என் சரிவுலயும் வெட்டணும். சொல்லிக் குடுங்க."

"நிலத்தை எடுக்கப் போறாங்களாமே, கேள்விப்படலையா?"

"அதுவரைக்கும் மழை பெய்யும்லா!"

பிரிஜட் வாய்விட்டுச் சிரித்தாள். மேட்டிலிருந்து தொடங்கவேண்டும் என்கிறாள் அவள். பள்ளம்தான் முதலில் என்கிறான் அவன். கிழக்கே வானம் கறுத்துவிட்டது, இருவரும் விடுவதாயில்லை.

பேனாவை வைத்துவிட்டு நானும் எழுந்துகொள்கிறேன். எங்கே முதல் வெட்டு, மேட்டிலா பள்ளத்திலா? சீக்கிரம் சொல்லுங்கள்.