மண்ணா, அட்டையா?

முதலாளி அந்த வைன் பாட்டிலைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது, ஓடி ஒளிய இடம் உண்டா என்று அவள் சுற்றிப் பார்த்தாள்.

முப்பது வருஷத்துச் சரக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து அவளோடு உட்கார்ந்து ருசிப்பது அவர் வழக்கம். அவருடைய வைன் கம்பெனிக்கு வருகிற சரக்கையெல்லாம் முகர்ந்து, ஒரு வாய் குடித்து, தேறும் தேறாது என்று சொல்வது அவள் வேலை. அங்கே அவளுக்குப் பேரே ‘மூக்கு’தான். அந்த மூக்குதான் இப்போது செத்துக் கிடந்தது.

போன மாதம் சளி பிடித்தது. சளி போனது, போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்குக்குப் புளிப்பும் துவர்ப்பும்தான் மிச்சம். “வந்தாலும் வரும்” என்றார் டாக்டர். ஆகா, பெரிய கண்டுபிடிப்பு! விஷயம் தெரிந்தால் வேலை போச்சு. புருஷனைத் தவிர யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை.

“அடியில வண்டல் இருக்கும் சார், ஜாடியில ஊத்திட்டு வரேன்” என்று பாட்டிலை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். புருஷன் தயாராக நின்றார். பஸ் ஓட்டுகிறவர். டீசலைத் தவிர உலகத்தில் மற்ற வாசனை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். இருந்தாலும் வேறு நாதி ஏது?

கார்க்கை உருவி, மெல்ல ஊற்றி, கொஞ்சத்தை அவரிடம் நீட்டினாள். “மோந்து பாருங்க. சீக்கிரம்!”

அவர் முகத்தைச் சுளித்தார். “என்னமோ ஈர வாடை அடிக்குது.”

“ஈரம்னா? மழை பெஞ்ச மண்ணு மாதிரியா, நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரியா?”

“ரெண்டும் ஈரம்தானே?”

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. நன்றாகப் பழுத்த பழைய வைனில் மண்வாசனை வரும். அதற்குத்தான் அத்தனை விலை. கார்க் கெட்டிருந்தால் ஈர அட்டை நாறும். கீழே ஊற்ற வேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவில் அவள் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

“உங்க கால்ல விழறேங்க, இன்னொரு தடவை...”

“அடியே, நூறு தடவை மோந்தாலும் எனக்கு அவ்வளவுதான் தெரியும். நீயே ஒண்ணைச் சொல்லிடு.”

“என்னம்மா, உள்ளயே குடிச்சு முடிச்சிட்டீங்களா?” கூடத்திலிருந்து முதலாளி சிரித்தார்.

கூடத்துக்கு வந்து இரண்டு கோப்பைகளில் ஊற்றினாள். முதலாளி தன் கோப்பையைத் தொடவில்லை. “வழக்கம்போல நீ முதல்ல சொல்லு.”

ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூக்கை உள்ளே விட்டு இழுத்தாள். ஒன்றுமில்லை, வெறும் காற்று. ஒரு வாய் விழுங்கினாள்.

“நிறம் அருமை சார். ஓரத்துல செங்கல் சிவப்பு வந்திருக்கு. நல்ல தெளிவு. முப்பது வருஷத்துக்கு இவ்வளவு நிறம் நிக்கறது பெரிய விஷயம். அப்புறம்... மண்வாசனை. நல்லா பழுத்திருக்கு.”

சொல்லியாகிவிட்டது. இனி ஆனது ஆகட்டும்.

அவர் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

“எத்தனை நாளாம்மா?”

“எது சார்?”

“மூக்கு.”

சமையலறையில் ஒரு தட்டு விழுந்து உருண்டது.

“ஐயோ, அப்படியெல்லாம்...”

“மறைக்காதேம்மா. நீ கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாக்கற ஆளு. இன்னிக்கு நிறத்தைப் பத்தியே பேசறே. வாசனை தெரியாதவன்தான் அப்படிப் பேசுவான். நானும் அப்படித்தான் பேசறேன், ரெண்டு வருஷமா.”

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

“வெளியில தெரிஞ்சா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். நீ இருக்கியேங்கற தைரியத்துல ஓட்டிட்டிருந்தேன். நீ சொல்றதையே நானும் சொல்லுவேன்.”

அப்பாடா, நம்மை வேலையை விட்டுத் துரத்தமாட்டார் என்று அவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அதற்குள் அவர் முகம் வெளுத்தது.

“போன வாரம் லாரி நிறைய வந்துதே, நீ தேறும்னு சொன்ன சரக்கு. எல்லா ஓட்டலுக்கும் அனுப்பியாச்சு.” அவர் எழுந்தே விட்டார். “அதை எப்படிம்மா பாத்தே?”

அவள் தன் கோப்பையை மறுபடி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள்.

“நிறத்தைப் பாத்தேன் சார்” என்றாள்.