மைக்செட் கேட்ட கேள்வி

மைக்செட்டுக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம். அது எண்ணூறு பிள்ளைகளின் காது வரைக்கும் நீளும் என்பது அந்த வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குத்தான் தெரிந்தது.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவரை ஊர் வேறெப்படிக் கூப்பிடும்? பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. அன்று அவர் மைக் கட்டியிருந்தது மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில். நாற்பது நாளைக்கு முன்னால் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு அடுத்த இருக்கை அவளுடையது. பிள்ளைகளிடம் பேசுவதற்கு ஒரு மனநல மருத்துவரை வரவழைத்திருந்தார்கள்.

மேடையில் டாக்டரம்மா பேசிக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் மைக்செட்டும், தொழிலில் கூட்டாளியான மனைவியின் தம்பியும் கருவிகளோடு உட்கார்ந்திருந்தார்கள். காலையில் 'செக், செக்' சொல்லிப் பார்த்த மைக் ஒன்று மேசையிலேயே கிடந்தது. டாக்டரம்மாவின் குரல் சற்று இறங்கியது. ஏற்றிவிடக் கை நீட்டிய மைக்செட், பார்க்காமலேயே பக்கத்திலிருந்த மேசை மைக்கின் குமிழைத் திருகினார். இருபத்திரண்டு வருட அனுபவம் அவருக்கு. அனுபவம் உள்ளவன்தான் பார்க்காமல் திருகுவான்.

"வீட்ல யாராவது திடீர்னு சாப்பிடாம, பேசாம ஒதுங்கினா, நேரா கேட்டுடணும்" என்றார் டாக்டரம்மா.

மைத்துனன் குனிந்து, "மாமா, நம்ம வாண்டும் இப்படித்தானே இருக்கா. அக்கா நேத்துகூட அழுதா" என்றான்.

"அட போடா. எங்க வீட்டு மகாராணிக்கு ஒரு வியாதியும் இல்ல. ஒரு மாசமா சோத்தைத் தொடாம நடிச்சிட்டிருக்கா. என்னன்னு கேட்டுப் பாரு, சுத்தி சுத்தி புது செல்போன்ல வந்து நிக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான், தன் குரல் கூடத்தின் நான்கு மூலையிலிருந்தும் திரும்பி வருவதைக் கேட்டார்.

முதலில் ஒரு பையன் சிரித்தான். அப்புறம் கூடமே சிரித்தது. மைக்செட் யார், அவர் மகள் யார் என்று தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் ஆறாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் திரை இடுக்கு வழியாகப் பார்த்தார். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அச்சு அசல் அவருடைய சிரிப்பு.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் அதோடு போயிற்று. பெற்ற பிள்ளையை எண்ணூறு பேர் நடுவில் நிறுத்திவிட்டா கெடுகிறது?

டாக்டரம்மா கோபப்படவில்லை. "பெரியவங்களுக்குப் பயம் வந்தா சில சமயம் ஜோக்காத்தான் வெளிய வரும். அந்தப் பயத்தைப் பார்த்து நாம சிரிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மேலே பேசினார். அந்த இரண்டு வரி மைக்செட்டின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கூட்டம் கலைந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனார்.

"என்கிட்ட எதுக்கு சார்? பொண்ணுகிட்ட கேளுங்க."

"கேட்டேன் டாக்டரம்மா. 'என்ன மேடம், உண்ணாவிரதமா, கோரிக்கை என்ன'ன்னு கேட்டேன். தலைவலிங்கறா."

"அது கேள்வியா சார்?"

மைக்செட்டுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அப்பா இறந்த அன்றுகூட, வந்தவர்களைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டுக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுத ஆள்.

"எப்படித்தான் கேக்கறது?"

"சாகணும்னு தோணுதான்னு கேளுங்க. அந்த வார்த்தையையே சொல்லிக் கேளுங்க."

"ஐயோ, இல்லாத நினைப்பை நானே கிளப்பி விட்டுட்டா?"

"கேக்கறதால அந்த நினைப்பு வராது சார். ஏற்கெனவே இருந்தா, சொல்றதுக்கு ஒரு ஆள் கிடைக்கும். ஆமான்னு சொன்னா திட்டாதீங்க, சத்தியம் வாங்காதீங்க. தனியா மட்டும் விடாதீங்க. நேரா என்கிட்ட கூட்டிட்டு வாங்க. நாலு மணி வரைக்கும் லைப்ரரிலதான் இருப்பேன்."

மைத்துனனை வண்டிக்கு அனுப்பிவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினார். மற்ற பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஆறாவது வரிசையில் மகள் மட்டும் இருந்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் அவர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். அவள் எழுந்து வந்து மறுமுனையை எடுத்துச் சிக்கல் பிரித்தாள். ஆறு வயதிலிருந்து விடுமுறை நாட்களில் செய்கிற வேலை. அவர் ஒரு சுற்று சுற்றினால் அவள் ஒரு முழம் விட்டுக்கொடுப்பாள்.

"நான் பேசினது தப்பு, வாண்டு."

"பரவால்லப்பா. எல்லாரும் சிரிச்சாங்கல்ல."

"நீயும் சிரிச்சியே."

"சிரிக்கலன்னா பாவமா பாப்பாங்க. அதுக்கு இது மேல்."

'அப்ப செல்போன் வேணாமா' என்று நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து விழுங்கினார்.

"அவளும் நல்லா ஜோக் அடிப்பாப்பா" என்றாள், ஒயரைப் பார்த்தபடியே. "உன்னை மாதிரியே. முந்தின நாள் ராத்திரி எனக்கு மெசேஜ் போட்டா. 'எல்லாம் போதும்டி, நான் கிளம்பறேன்'னு. நான் ஜோக்குன்னு நினைச்சேன். சிரிக்கிற பொம்மை நாலு அனுப்பினேன்."

அவர் கை நின்றது. அவள் கை நிற்கவில்லை.

"அதுக்கப்புறம் அவ எதுவும் போடல. நானும் தூங்கிட்டேன்."

"அது உன் தப்பு இல்லம்மா."

"யாருக்கும் தெரியாதுப்பா. அவங்க அம்மா என்னைக் கட்டிப் புடிச்சு, 'உன்கிட்டயாவது ஏதாவது சொன்னாளா'ன்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன்."

நாற்பது நாளாக இதைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்து அவர் உண்ணாவிரதக் கோரிக்கை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எது வந்தாலும் சிரித்து வைக்கப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். யாரை நொந்துகொள்வது?

அவள் கையிலிருந்த ஒயரை வாங்கிக் கீழே வைத்தார். தரையிலேயே உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள்.

"வாண்டு..."

"ம்."

"வந்து... சாப்ட்டியா?"

"இல்ல."

கேள்வி வழுக்கிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டது. ஊரார் குரலையெல்லாம் ஊருக்கே கேட்க வைத்தவருக்கு, ஒரு முழம் தள்ளி இருந்த பிள்ளைக்குக் கேட்கிற மாதிரிக் குரல் வரவில்லை. உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். சில்லென்றிருந்தது.

"சிரிப்பெல்லாம் இல்ல இப்ப. திட்டவும் மாட்டேன். நீ எதைச் சொன்னாலும் நான் இங்கயே இருப்பேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "உனக்கு சாகணும்னு தோணுதாம்மா?"

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து தட்டுகளின் சத்தம் வந்தது. மேலே மின்விசிறி கிறீச்சிட்டது. அவர் வாய் வழக்கம்போல அடுத்த வார்த்தையைத் தேடியது. அவர் அதைத் திறக்க விடவில்லை.

அவள் நிமிர்ந்து அவரை முழுசாகப் பார்த்தாள். உதடு நடுங்கியது, சிரிப்பாக மாறவில்லை.

"தோணுதுப்பா" என்றாள். "மூணு வாரமா. அந்த டாக்டர் போயிட்டாங்களா?"