யாரும் வராத பக்கம்

கரகோல் நகரத்து ஓவியக் காட்சியகத்தின் நிலவறைக்கு இருபத்தெட்டு வருஷம் பொறுப்பாக இருந்தவர் புருல்சா. பனி உருகும் மார்ச் மாதம் வந்தால் சுவரெல்லாம் நீர் கசியும். படங்களைத் தூக்கித் தூக்கி மாற்றிவைத்தே இடுப்பு போய்விட்டது. அப்படியும் பதினேழு ஓவியங்களைப் பூஞ்சை தின்றது. அதனால் புதுக் கட்டடம் வரப்போகிறது, பக்கத்துப் பூங்காவையும் சேர்த்துச் சீரமைக்கப்போகிறார்கள் என்றதும் அவரைவிடச் சந்தோஷப்பட்டவர் அங்கே யாருமில்லை.

கட்டடத்துக்குப் பூங்காவின் தெற்குப் பக்கம், பழைய மரங்கள் நின்ற இடம், தேவைப்பட்டது. ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்டார்கள். "அக்கா, நீங்க பேசுங்க. நீங்க சொன்னா ஊர் நம்பும்" என்றார் இயக்குநர்.

ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றிப் புருல்சா மனமுருகப் பேசினார். கூட்டத்தில் ஒருத்தி எழுந்தாள்.

"அந்த மரத்தடியில ஆளுங்க உக்காருறாங்களே, அவங்க எங்க போவாங்க?"

"அந்தப் பக்கம் யாரும்மா வர்றா? வேலைவெட்டி இல்லாத நாலு கிழவங்க டோமினோ காய் ஆடுறாங்க, அவ்வளவுதான்" என்றார் புருல்சா.

சபை சிரித்தது. அந்தக் கிழவர்களில் ஒருவர் புருல்சாவின் புருஷன் கசிமாலி. ஏரிக்கரைச் சாலையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புருல்சா வீடு திரும்புவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

"என்ன கிழவி, பேச்சு பிரமாதமாமே?"

"ஏதோ வாயில வந்துருச்சு. உங்களைச் சொல்லல."

"எங்களைத்தான் சொன்ன. சரி விடு, ரொட்டியை இப்படித் தள்ளு."

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாலு சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது புருல்சாவுக்கு.

முப்பத்தாறு எல்ம் மரங்களும் இரண்டே நாளில் விழுந்தன. அடுத்த ஆண்டு கட்டடம் எழும்பியது. படங்கள் ஈரமில்லாத அறைக்குப் போயின. பூங்காவில் கல் பாவினார்கள், நீரூற்று வைத்தார்கள், ஆள் உயரக் கன்றுகள் நட்டார்கள். உண்மையைச் சொன்னால், முன்னைவிட அதிக ஜனம் வந்தது.

புருல்சா மனுமேல் மனு எழுதி, டோமினோ ஆட இரண்டு மேசை போட வைத்தார். முதல் ஞாயிறு ஐந்து பேர் வந்தார்கள். நிழலில்லாமல் பதினொரு மணிக்கெல்லாம் தரைக் கல் கொதித்தது. காட்சியகக் காவலாள் வேறு வந்து நின்றான்.

"தாத்தா, காயை மெதுவா வைங்க. உள்ள வரைக்கும் கேக்குது."

"மெதுவா வைக்கிறதுக்கு இது என்ன முட்டையாடா?" என்றார் கசிமாலியின் கூட்டாளி அசன்பாய். எல்லோரும் சிரித்தபடியே எழுந்து போனார்கள். மறுபடி வரவில்லை.

இப்போது அவர்கள் ஊர்க்கோடியில், அசன்பாயின் மகன் நடத்தும் கார் பட்டறையில் ஆடுகிறார்கள். கசிமாலி காலையில் மினி பஸ் பிடித்தால் சாயங்காலம்தான் திரும்புவார். புருல்சாவும் ஓய்வு பெற்றுவிட்டார். பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்க வேண்டியிருந்தது.

ஒருநாள் கசிமாலி கிளம்பும்போது புருல்சா கேட்டார்: "நானும் வரட்டுமா? சும்மா ஓரமா உக்காந்திருக்கேன்."

கசிமாலி குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். குரலில் கோபம் இல்லை.

"அங்க உனக்கு ஏது கிழவி இடம்? கழட்டிப் போட்ட டயர்தான் கிடக்கு. பூங்காவில இருந்தப்ப வந்திருக்கலாம். உன் ஆபீஸ் வாசல்லருந்து எட்டி நடந்தா வந்துரும்."

தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அத்தனை வருஷத்தில் புருல்சா ஒருநாள்கூட அந்த மரத்தடிக்குப் போனதில்லை.